கடைசித் தறி நிற்கும் வரை

வைகாசி 4, ஞாயிறு

எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. அப்படி வெயில். போர் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. பிள்ளையாருக்கு அருகம்புல், விளக்கு. பாலில் பல்லி. கொட்டிவிட்டு மறுபடி வாங்கினது.

கவிதா போன் செய்தாள். ராசிபுரத்தில் அவள் மாமியார் நாள் பார்த்துவிட்டாராம். 12, திங்கள் காலை. கட்டுச்சோறு கொண்டுபோய் வைத்துப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டியது. நம் வீட்டில் சாவு நடந்து வருசம் திரும்பவில்லை, ஆகவே வளையல் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. நானும் இவரும் போய்க் கூட்டி வருவது. அவ்வளவே.

"அப்பா வருவாருங்களா?"

"வருவாரு."

"நீங்க சொல்றீங்க. அவரு சொன்னாருங்களா?"

அடுப்பைத் தணித்தேன்.

"அம்மா, அப்பா வல்லீன்னா நான் இங்கியே பெத்துக்கறேன். அவரு வந்து கூப்புடாம அந்த ஊட்டுக்குள்ள என்னால கால் வெக்க முடியாது. கா. இல்லாத ஊடும்மா அது."

அவள் முழுப் பெயர்தான் சொன்னாள். நான் கா. என்றுதான் எழுதுகிறேன். முழுதாக எழுதிவிட்டால் அன்றைக்கு மேற்கொண்டு எழுத வருவதில்லை. புரட்டாசியில் பெங்களூரில் காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்விட்டான். என் மகன்.

அன்றிலிருந்து இவர் தறியை நிறுத்துவதில்லை. ஆளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஆறு விசைத்தறிக்கும் தாமே. சாப்பிட மட்டும் உள்ளே வருகிறார், பின்கட்டுத் தறிச் செட்டிலேயே படுக்கை. நெய்த துண்டு எடுப்பாரில்லாமல் கூடத்தில் உத்தரம் வரை அடுக்கிக் கிடக்கிறது. வியாபாரி வந்து பார்த்து, "இத்தனை துண்டை எந்தத் தலைல கட்டறதுங்க அக்கா, தலை பத்தாது" என்றார். சிரித்துத்தான் சொன்னார்.

பதினொன்றுக்கு ஒரு பெண் வந்தது. ஷீலா. கா.வோடு வேலை பார்த்தவள், ஆத்தூர்க்காரி. ஊருக்குப் போகும் வழியில் இங்கே இறங்கியிருக்கிறாள். ஒரு பை. அதில் அவன் மேசையில் இருந்தவை: டீ குடிக்கும் கோப்பை, ஸ்வெட்டர், காதில் மாட்டுவது, நான் கொடுத்தனுப்பிய முருகன் படம்.

"என் டிராயர்லயே வச்சிருந்தேன் ஆன்ட்டி. கொண்டாந்து குடுக்க மனசு வரல. தப்புதான்."

தோசை வார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிடுகிற பிள்ளையைப் பார்த்து எத்தனை நாள்.

கேட்டேவிட்டேன். அவன் அங்கே என்னதான் வேலை செய்தான்?

"குப்பை அள்ற வேலை ஆன்ட்டி. கம்ப்யூட்டருக்குள்ள."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றின சட்டையை வாளியில் போடத் தெரியாதவன். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

வைகாசி 5, திங்கள்

ஷீலா சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் படித்ததுதான். தப்பிருந்தால் என் புரிதல்.

புராசஸர் என்பது விரல் நகத்தளவு. அதற்குள் பல அறை. ஒவ்வொன்றிலும் ஒரு வேலை ஓடும், எல்லாம் ஒரே நேரத்தில். ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் த்ரெட் என்று பெயர். அவை ஓட ஓட சாமான் எடுத்துப் பரப்பிக்கொண்டே இருக்கும். எடுத்ததைத் திருப்பி வைக்கிற பழக்கம் இல்லை. இடம் அடைந்துவிடும். ஆகவே பெருக்க ஒருவன்.

பெருக்குகிறவனுக்கு எது குப்பை என்று எப்படித் தெரியும்? யார் கையிலும் இல்லாததுதான் குப்பை. ஒருவர் பிடித்திருந்தாலும் தொடக்கூடாது. அதற்கு ஒவ்வொருவரிடமும் போய்க் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிறவன் கையைப் பார்க்க முடியாது. இருக்கிறதையும் ஒழுங்காக நகர்த்தி அடுக்குவானாம். அந்த நேரத்தில் ஒருவன் ஓடினால் பழைய இடத்தில் கையை விடுவான், அங்கே ஒன்றும் இருக்காது. எனவே எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல்.

நிறுத்துவதுதான் கா.வின் வேலை. சீக்கிரம் நிறுத்துவது, சீக்கிரம் விடுவது.

மத்தியானம் கவிதாவுக்காக அவன் அறையைத் திறந்தேன். ஷீலா சொன்ன மாதிரியே எழுதிப் பார்த்தேன், எது யார் கையில் என்று.

கட்டில் – கவிதாவுக்கு வேண்டும்.
சட்டைகள் – நீலக் கட்டம் என்னிடம். மற்றவை யாரும் இல்லை.
கிரிக்கெட் மட்டை – கவிதா. ("அது என்னுதும்மா, அவந்தான் புடுங்கிக்கிட்டான்.")
காலேஜ் புத்தகம் – யாரும் இல்லை.
டேபிள் ஃபேன் – இவர்?
ரப்பர் செருப்பு – இவர்?
சைக்கிள் – இவர்?

செட்டு வாசலில் நின்று கை காட்டினேன். இவர் தலையை ஆட்டினார். என்ன என்று கேட்கவில்லை, அப்புறம் என்றுதான் அர்த்தம். எட்டு மாதமாக அந்த ஒரே ஆட்டல். திங்கட்கிழமை கவிதாவை அழைக்கப் போக வேண்டும் என்று கத்தினேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மறுபடி சொன்னேன். "நீ போய்ட்டு வா" என்றார். சாதம் பாதி மிச்சம்.

சீப்பை அலமாரிக்கு மாற்றி வைத்திருந்தேன். இவர் பழைய இடத்தில் கை வைத்துச் சுவரைத் தடவினார்.

வைகாசி 7, புதன்

எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதாமல் முடியவில்லை.

தெருக் கடைசியில் அங்கமுத்து காலையில் தவறிவிட்டார். நல்ல மனிதர். கா. சாவுக்குப் பந்தல் போட்டவர் அவர்தான். எங்கள் தெருவில் சாவென்றால் வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவார்கள், தறி ஒவ்வொன்றாக நிற்கும். தெருவில் கடைசித் தறி நின்று சத்தம் அடங்கிய பிறகுதான் பாடையைத் தூக்குவது. யாரும் இதுவரை மீறினதில்லை.

பத்து மணிக்கெல்லாம் எல்லாத் தறியும் நின்றாயிற்று. எங்கள் ஆறும் ஓடுகிறது. தெரு முழுக்க எங்கள் சத்தம் மட்டும்.

முதலில் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பிறகு ஊர்ப் பெரியதனக்காரரே வந்தார். "ஏனுங்க அம்மிணி, பாடைகிட்ட எல்லாரும் நிக்கறாங்க. வெயில் ஏறுது. சொல்லுங்க."

"சொல்றனுங்க" என்று ஓடினேன். செட்டு வாசலில் இரண்டு கையையும் ஆட்டினேன். மாரடிக்கிற மாதிரி காட்டினேன், சாவு என்று புரியட்டும் என்று. இவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். முகம் வெள்ளையாகப் போயிற்று. பிறகு திரும்பிக்கொண்டு இன்னும் வேகமாக வேலை செய்தார்.

பக்கத்துச் செட்டுக் குமாரு பின்னாலேயே வந்துவிட்டான். "அண்ணனுக்குக் காது கேக்கலையா, மனசு கேக்கலையா? உங்கூட்டுச் சாவுக்குத் தெருவே நிக்கலையாங்க அக்கா? இல்ல, உங்கூட்டுச் சாவு மட்டுந்தான் சாவா?"

அவன் நேரே போய் மெயினை இறக்கிவிட்டான்.

தறியை நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடாது. ஊடுநூலோடு ஓடுகிற நாடா ஒரு கோடியில் போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்த நொடியில் கைப்பிடியைத் தள்ள வேண்டும். பாதி வழியில் நின்றால் நாடா பாவுக்குள், நீள இழைகளுக்குள், மாட்டிக்கொள்ளும், பாவு கொத்தாக அறுந்து போகும். குமாருக்கும் தெரியும். கோபத்தில் மறந்துவிட்டான். இரண்டு தறி தப்பியது. நாலில் பாவு போயிற்று.

சத்தம் அடங்கியதும் தெருவில் பாடையைத் தூக்கினார்கள். கோவிந்தா கேட்டது. குமாரு அறுந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா" என்றான். இவர் அவனைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து முதல் இழையை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

நான் எடுப்புக்குப் போய்விட்டு வந்தேன். குளித்தேன். பெண்கள் குழாயடியில் பேசியது எனக்குக் கேட்கத்தான் பேசியது.

வைகாசி 8, வியாழன்

இவரோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். இவருக்கு இப்போது கண் அவ்வளவு தெரிவதில்லை. மத்தியானம் ஆயிற்று. பிறகு தாமாகவே,

"குமாரு மேல தப்பில்ல."

"அப்புறம் யாரு மேலங்க?"

அடுத்த இழையைத் தேடினார்.

ஷீலாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நிற்காதவனைப் பிடித்து நிறுத்திவிட்டால் என்ன, உங்கள் வேலையில் அப்படிச் செய்வது இல்லையா என்று. சாயங்காலம் பதில் வந்தது. இரண்டு முறை கேட்டு எழுதுகிறேன்.

"பண்ணலாம் ஆன்ட்டி. ஓடிட்டு இருக்கறவனைப் பாதியில பிடிச்சு நிறுத்தலாம். ஆனா அவன் கையில ஒரு பூட்டோட சாவி இருக்கும். அவனை நிறுத்தினா சாவியும் அவன்கூட நின்னுடும். அப்புறம் மத்தவங்க ஒருத்தரும் நகர முடியாது. அதனால நாங்க போய்ப் பிடிக்க மாட்டோம். ஒரு அடையாளம் மட்டும் வைப்போம். ஓடறவனே ஒவ்வொரு சுத்து முடியறப்பவும் அதைப் பார்த்துக்குவான். நிக்கச் சொல்லியிருந்தா, தனக்குத் தோதான இடத்துல அவனே நிப்பான்."

பிறகு சொன்னாள். "பார்க்கறதுக்கும் நேரம் ஆகும் இல்லையா. கோடி சுத்து ஓடறவன் கோடி தடவை பார்க்கணும். அந்தச் செலவைக் குறைக்கறதுதான் அவன் பண்ணினது. போற வழியில ஒரு கதவைத் தொட்டுட்டுப் போற மாதிரி வச்சான். மத்த நேரம் தெறந்திருக்கும், நிக்காமப் போயிடலாம். நிறுத்தணும்னா கதவை மூடிடுவோம். தொட்டதும் தெரிஞ்சுடும்."

கடைசியில் இதுவும். "ஒருத்தன் மட்டும் வராம மத்தவங்க எல்லாம் காத்திட்டு நிப்பாங்க. நாங்க அவனைத் திட்டுவோம். கா. சொல்வான், அவனைத் திட்டாதீங்க, அவன் ஓடற சுத்துக்குள்ள பார்க்கறதுக்கு இடம் வைக்காதது நாமதான்னு."

என் பிள்ளை பேசின மாதிரியே இருந்தது. இதை இவரிடம் சொல்ல வேண்டும். எப்போது?

வைகாசி 10, சனி

பெருமாளுக்குத் துளசி. கேஸ் வந்தது. புளி, எள், கடலைப்பருப்பு வாங்கியாயிற்று. தேங்காய் நாளைக்கு. காருக்குச் சொல்லியாயிற்று, திங்கள் ஏழு மணி.

பாவு சரியானதும் ஆறு தறியும் பழையபடி.

கவிதா இரண்டு முறை கூப்பிட்டாள். "அப்பாகிட்ட நானே பேசறேன்" என்றாள். போனை எடுத்துக்கொண்டு செட்டுப் பக்கம் போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன். அவளும் இவர் நம்பருக்குக் கூப்பிடுவது இல்லை. யாருமே கூப்பிடுவதில்லை. நானும்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லமாட்டோம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குக் கா. முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டிருக்கிறான். மூன்று தடவை. தறிச் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை. இவர் பார்த்துத் திருப்பிக் கூப்பிடும்போது அங்கே எடுத்தது ஷீலா. அதற்குள் அவனுக்குப் பேச்சு இல்லை.

அதன்பின் அந்த போன் அடிக்கவே கூடாது என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்ளாமலே முடிவெடுத்த மாதிரி. வேண்டியதை ஆள் வந்து சொல்வது, இல்லையென்றால் வாசலில் நின்று கையாட்டுவது.

முருகா, திங்கட்கிழமை இவர் வரவேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வைகாசி 11, ஞாயிறு

டீ கொண்டுபோனேன். செட்டுக்குள்ளும் துண்டு அடுக்கு; அதற்குப் பின்னால் நின்றதால் இவர் என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் தறியில் நாடாவுக்குள்ளிருக்கும் நூல் தார் தீர்ந்தது. நாடா பெட்டியில் உட்காரவும் தறியை நிறுத்தினார். புதுத் தாரைப் போட்டார். கைப்பிடியைத் தள்ளப் போனவர் தள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வேட்டியில் துடைத்தார், பஞ்சுத் தூசி. பார்த்தார். மறுபடி பையில் வைத்துக்கொண்டு தறியை ஓட விட்டார்.

அடுத்து ஐந்தாம் தறி. அதே மாதிரி. போன், துடைப்பு, ஒரு பார்வை, பை.

முதல் தறி. அதே மாதிரி.

டீ ஆறிப்போகும் வரை நின்றேன். ஒரு தார்கூடத் தவறவில்லை. நாளெல்லாம் எத்தனை தார் மாற்றுகிறவர். எட்டு மாதமாகவா? இவர் நிற்க மாட்டார், யார் சொல்லும் காதில் ஏறாது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இவரானால் ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கூப்பிடத்தான் ஒருவரும் இல்லை.

டீயை வைத்துவிட்டு வந்து பூஜை அறையில் உட்கார்ந்தேன். மந்திரம் வரவில்லை.

கூப்பிடலாமா? அந்த மணி இவருக்கு என்ன செய்யும்? கெட்டது நடந்துவிட்டால்? இன்னும் முடிவு செய்யவில்லை. தேங்காய் துருவ வேண்டும்.

வைகாசி 12, திங்கள், காலை

புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், எள், தயிர். ஐந்தும் கட்டியாயிற்று. கார் வந்து நிற்கிறது. டிரைவர் தம்பி டீ குடிக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

வாசல்படியில் உட்கார்ந்து இவர் நம்பருக்குப் போட்டேன். முழுதாக அடித்து நின்றது. எடுக்கவில்லை. தார் தீரட்டும் என்று இருந்தேன். மறுபடி போட்டேன்.

எடுத்தார். தறிச் சத்தம் மட்டும் காதை அடைத்தது. பிறகு அது ஒரு பங்கு குறைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பங்கு. ஒவ்வொரு தறியாகப் போய்ப் பதமாக நிறுத்துகிறார், அவசரப்படாமல். போனிலும் கேட்கிறது, பின்கட்டிலிருந்தும் கேட்கிறது. கடைசித் தறியும் நின்றது.

"சொல்லு சாமி" என்றார். "அப்பா கேக்கறேன். சொல்லு."

கா.வை மட்டுந்தான் இவர் அப்படிக் கூப்பிடுவது.

"சாமி?"

"நானுங்க."

மூச்சு மட்டும். நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. காக்கை கத்துவது இரண்டு பக்கமும் கேட்டது.

"கவிதாவுக்குக் கட்டுச்சோறு கட்டிட்டனுங்க" என்றேன். "காரு வந்திருக்குது. நீங்க வந்தாத்தான் அவ வருவா."

"பேரைப் பாக்காம எடுத்துட்டேன்" என்றார்.

"தெரியுமுங்க."

"பாத்துட்டேதான் இருந்தேன் புள்ள. ஒவ்வொரு தாருக்கும் பாத்துட்டேதான் இருந்தேன்."

"நான் பாத்தனுங்க. நேத்துப் பாத்தேன்."

அழுதார். செட்டுக்குள் போகலாமா என்று எழுந்தேன், போகவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். கடைசியில், "குளிச்சிட்டு வாரேன். சட்டை எடுத்து வை" என்றார்.

குளிக்கிற சத்தம் கேட்கிறது.

அதே நாள், சாயங்காலம்

போய் வந்தாயிற்று. ராசிபுரத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். கவிதா இவரைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுங்கப்பா, இப்படி இளைச்சுப் போய்ட்டீங்க?"

"நீ பெருத்துட்டயல்லோ. கணக்கு நேராப் போச்சு."

வழியெல்லாம் அவள் இவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். இவர் அசையாமலே வந்தார்.

இறங்கியதும் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ஃபேன். "ஓடும். பிள்ளைக்கு ஆகும்." சைக்கிள். "குமாரு மவன் கேட்டான், குடுத்துரு." செருப்பு. கையில் வாங்கினார். அடியில் தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதைப் போட்டுரு" என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

தறி இன்று ஓடவில்லை. மற்றவர் தறி கேட்கிறது. எங்கள் பின்கட்டு மட்டும் வெறிச்சென்று.

கூடத்தில் துண்டு அடுக்குக்குக் கீழே உட்கார்ந்து கேட்டார்.

"அவன் என்ன வேலைதான் பண்ணுனான்?"

"எல்லாரையும் ஒருக்கா நிக்க வெக்கற வேலைங்க."

"நிக்க வெச்சு?"

"யார் கையில என்ன இருக்குதுன்னு பாக்கறது. வேணாங்கறதைக் கழிக்கறது."

"அப்புறம்?"

"மறுக்காவும் ஓட விடறது."

அடுக்கிலிருந்து பிதுங்கிய ஒரு துண்டை உள்ளே தள்ளினார்.

"எத்தனை நேரம் நிக்கோணும்?"

"கண்ண மூடித் தொறக்கற நேரங்கூட இல்லீங்க. அதைக் கொறைக்கத்தான் ராப்பகலாப் பாடுபட்டிருக்கான்."

"அது அவன் மிஷினுக்கு" என்றார். "நமக்கு?"

"தெரியலீங்க."

கவிதா அறையிலிருந்து தண்ணீர் கேட்டாள். நான் கையை ஊன்றி எழும்புவதற்குள் இவர் எழுந்து போனார்.